ஒண்டோ, ரெண்டோ?

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவனை நிறுத்தி, அடுத்த வரிசையில் இருந்த இன்னொரு வாளிக்காரனையும் கூப்பிட்டு, இலையில் இந்தப் பக்கம் ஒரு கரண்டி அந்தப் பக்கம் ஒரு கரண்டி ஊற்றச் சொல்லி, "இன்னொருக்கா முதலாவது... இன்னொருக்கா ரெண்டாவது..." என்று மாறி மாறித் தொட்டு நக்கி, பந்தியையே கால் மணி நேரம் நிறுத்தி வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். கடைசியில் "ரெண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். ஒரே அண்டாவில் மொண்ட சாம்பார் வேறு எப்படி இருக்கும்? பெண்ணின் தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிக்கவே வந்துவிட்டார். நான்தான் நடுவில் விழுந்து தடுத்தேன்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் அவர் "ஒண்டோ ரெண்டோ".

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்த சங்கதி இது. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போகிற சாலையில் ஒரு பக்கம் டோபிக் கடை, மறுபக்கம் நாயர் டீக்கடை, நடுவில் இவருடைய மூக்குக் கண்ணாடிக் கடை. யாழ்ப்பாணத்துக்காரர். கண் சோதிக்கும் வித்தையைக் கொழும்பில் படித்தார் என்று ஒரு கட்சி, சிங்கப்பூரில் படித்தார் என்று ஒரு கட்சி. கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸை வைத்து, பிறகு அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, "எது வடிவாத் தெரியுது? ஒண்டோ, ரெண்டோ?" என்று கேட்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். இவர் அதைக் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வரத் தெரியாதவர்.

ஒரு முறை முடிவெட்டுகிறவரிடம் ஒரு பக்கக் கிருதாவை நீளமாகவும் மறுபக்கத்தைக் குட்டையாகவும் வைக்கச் சொல்லி, கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து, முடிவுக்கு வர முடியாமல் ஒரு வாரம் அப்படியே நடமாடினார். ஊரிலிருந்து இரண்டு பெண்களின் போட்டோ வந்தபோது தரகரை எதிரே உட்கார வைத்து, ஒன்றைக் காட்டு, மற்றதைக் காட்டு என்று ஒரு மத்தியானம் முழுக்கப் படுத்தினார். தரகர் கை வலித்துப்போய், "தம்பி, ஏதாவது ஒண்டைச் சொல்லு ராசா" என்று கெஞ்சினார். இவர் நிதானமாக, "எனக்குக் கனக்க வித்தியாசம் தெரியேல்லை" என்றார். இரண்டு குடும்பமும் சேர்ந்து கோபித்துக்கொண்டன.

இதெல்லாம் போகட்டும். அவர் மூக்கில் எப்போதும் ஒரு கறுப்பு பிரேம் இருக்கும். நான் போன முதல் நாளே அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியைக் கழற்றாமலேயே விரலை உள்ளே விட்டுக் கண்ணைக் கசக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் பிரேமில் லென்ஸே இல்லை! வெறும் வளையம்.

"எனக்குப் பார்வை நல்லாத்தான் கிடக்கு காணும். ஆனா மொட்டை முகத்தோட நிண்டு கண்ணாடி வித்தா ஆர் வாங்குவினம்?" என்றார்.

நான் எதற்கு அங்கே போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். அப்போது கிள்ளான் ஊரிலிருந்து வெகு தூரம் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெசர். மருந்து கலக்குவது, புண் கட்டுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது எல்லாம் நான்தான். தோட்டத்தில் துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் அடுத்தபடி சலாம் வாங்குகிற ஆள். வயது முப்பத்திரண்டு. முறுக்கின மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை. என்னைவிட அழகன் அந்த வட்டாரத்தில் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பேதி மருந்து கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பெரிய டாக்டர் துரைக்கு ஒரு யோசனை வந்தது. நாற்பது வயது தாண்டிய தொழிலாளிகளுக்குக் கிட்டப் பார்வை மங்கிப்போய், பால்மரத்தில் கத்தி போக வேண்டிய கோடு தெரிவதில்லை. மரத்தைக் காயப்படுத்திவிட்டுக் கங்காணியிடம் ஏச்சு வாங்குகிறார்கள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் கண் பார்க்கத் தெரிந்த டிரெசர் ஒருவர் இருந்தால் சுற்று வட்டாரத் தோட்டமெல்லாம் பிழைக்கும். ஆகவே ஒரு டிரெசரை மூன்று மாதம் பிரிக்பீல்ட்ஸ் கடையில் விட்டுப் பழக்க வேண்டும். கடைசியில் டாக்டர் துரையே வந்து பரீட்சை வைப்பார். தேறினால் சர்டிபிகேட், கிள்ளானில் வேலை.

கிள்ளான்! என் வீட்டுக்காரியும் ஆறு வயது மகளும் அங்கேதான் இருந்தார்கள், மாமியார் வீட்டில். மகளுக்குப் பள்ளிக்கூடம் அங்கே. நான் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிற விருந்தாளி. "எப்பத்தான் ஒரே வீட்டுல இருக்கப்போறோம்?" என்று அவள் கேட்காத ஞாயிறு கிடையாது. நான் விழுந்தடித்துக்கொண்டு மனுப் போட்டேன். அந்தப் பாரத்தில் ஒரு கேள்வி: மனுதாரரின் பார்வை எப்படி? "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பச்சைப் பொய். எனக்கு ஒரு சாணுக்கு அப்பால் உலகமே பால் கலந்த தண்ணீர் மாதிரிதான் தெரியும். மருந்து லேபிளைக் கிட்டத்தில் வைத்து நன்றாகப் படிப்பேன். எட்ட இருப்பது மனிதனா மரமா என்று தெரியாது. ஒரு நாள் பங்களாத் தோட்டத்தில் நின்ற துரைக்குச் சலாம் போட்டு, இரண்டு நிமிஷம் மலேரியா நிலவரம் சொன்னேன். அது துரை இல்லை. துரையின் பழைய கோட்டும் தொப்பியும் மாட்டி நிறுத்தியிருந்த சோளக்கொல்லை பொம்மை. பார்த்த தொழிலாளிகள், டிரெசர் ஐயா துரையின் துணிமணிக்குக்கூட எவ்வளவு மரியாதை கொடுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். நான் அப்படியே விட்டுவிட்டேன்.

இன்னொன்று சிரிப்பதற்கில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் தெருமுனை திரும்பியதும் சிவப்புக் கவுன் போட்டு ஓடிவந்த குழந்தையை அள்ளித் தூக்கி முத்தம் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குழந்தை அது. அதன் அம்மா வாசலில் நின்று சிரித்தாள். என் மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை என்னோடு பேசவே இல்லை.

கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்பீர்கள். போடுவேனா? இந்த மீசைக்கு மேலே கண்ணாடியா? அதோடு, பார்வை மிக நன்று என்று எழுதிக் கொடுத்தவன் கண்ணாடியோடு போய் நின்றால் டாக்டர் துரை விடுவாரா? பொய்யன் என்று வேலையே போய்விடும். இப்படியாக, பிறத்தியார் கண்ணைச் சோதிக்கப் பழகுவதற்கு அந்த ஜில்லாவிலேயே தூரப் பார்வை இல்லாத ஒருவனைத் தேடிப் பிடித்து அனுப்பி வைத்தார்கள்.

ஒண்டோ ரெண்டோவுக்கு என்னைவிட நாலு வயது குறைவு. தோட்டத்தில் எல்லாரும் என்னை ஐயா, ஐயா என்பார்கள். இவர் என்னைப் பார்த்த முதல் வார்த்தையே, "வாரும் டிரெசர். மீசை நல்லாக் கிடக்கு. துடைப்பம் பின்னால கிடக்கு" என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிள்ளானை நினைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன்.

முதல் மாதம் ஒரு மனிதக் கண்ணையும் தொட விடவில்லை. ஒரு பெட்டி நிறைய லென்ஸ். சுவரில் ஒரு சிலுவைக் கோடு; நான் அதற்குக் கிட்டப் போய் நின்றுகொள்வேன். லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து அசைத்தால் கோடு கூடவே ஓடுகிறதா, எதிர்த்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூட ஓடினால் தூரப் பார்வைக் குறைக்கு உள்ளது. எதிர்த்து ஓடினால் கிட்டப் பார்வைக் குறைக்கு உள்ளது. பெட்டியைக் கொட்டிக் கலைத்துவிட்டு, "அடுக்கும்" என்பார். அடுக்கி முடித்ததும் மறுபடி கொட்டுவார். ராத்திரி தூக்கத்தில் எனக்குக் கோடு ஓடியது.

இரண்டாம் மாதம் ஆட்களைப் பார்க்க விட்டார். அங்கேதான் வந்தது வினை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்கள் ஊர். வருஷத்துக்கொரு முறை ரயில்வேயில் பார்வைச் சோதனை உண்டு. அதற்கு முந்தின வாரம் வந்து, சும்மா பார்த்துவிட்டுப் போவது போலப் பார்த்து, எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவார்கள். அதனால் இவர் தினமும் காலையில் பழைய பலகையைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் துணியில் தார் மையால் புதிது எழுதி மாட்டுவார். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. மேல் வரியில் ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னதாகும்.

பலகை இருபது அடிக்கு அப்பால். நான் நிற்பது நோயாளிக்குப் பக்கத்தில். அவர் படிப்பது சரியா தப்பா என்று நான் சொல்ல வேண்டும். எனக்கோ அந்தச் சுவரே இருக்கிறதா என்று சந்தேகம்!

மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் காலையில், "பலகையில தூசி அடையுதுங்க, நான் தட்டிடுறேன்" என்று துணியோடு கிளம்பிவிடுவேன். ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டி, பத்து நிமிஷத்தில் மனப்பாடம் பண்ணிவிடுவேன். ரயில்வேக்காரர்கள் ஏமாற்றாமல் இருக்கத்தான் அவர் பலகையை மாற்றினார். கடைக்குள்ளேயே ஒரு ரயில்வேக்காரன் உட்கார்ந்திருந்தான்.

"டிரெசருக்குச் சுத்தத்தில கனக்க அக்கறை" என்று நாயரிடம் சொல்வார்.

"அதே, நல்ல மனுஷன்" என்பார் நாயர்.

எனக்கு உள்ளூர ஒரே பெருமை. யாழ்ப்பாணத்தானையே ஏய்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் இருந்தது. புது பிரேம் வந்தால் என் மூக்கில்தான் மாட்டிப் பார்ப்பார். "உம்மட முகம் நல்ல வெட்டான முகம். இதில எடுப்பா இருந்தா எவருக்கும் இருக்கும்" என்பார். முகவெட்டைப் பற்றிச் சொன்ன பிறகு நான் எப்படி மறுப்பது? கடை வாசலில் என்னைத் தெருவைப் பார்த்து நிற்க வைப்பார். ஒரு பிரேமை மாட்டுவார், கழற்றுவார், இன்னொன்றை மாட்டுவார். "ஒண்டோ, ரெண்டோ?" வெயில் அடிக்கிறது என்று சொல்லி என் ஒரு கண்ணைக் கையால் மறைப்பார். கொஞ்ச நேரம் கழித்து, வெயில் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று அடுத்த கண்ணை மறைப்பார்.

பிரேம்களில் ஏதேதோ லென்ஸ் இருக்கும். சிலதில் தெரு இன்னும் கலங்கும். சிலதில்... என்ன சொல்ல! எதிரே சீனர் மருந்துக் கடைச் சுவர்க் கடிகாரம் முள்ளோடு தெரியும். டீக்கடையில் நாயரின் வாயில் ஒரு பல் இல்லை என்பது தெரியும். மரம் என்றால் மொத்தமாக ஒரு பச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இலை இலையாகத் தெரியும். கழற்ற மனசு வராது. காட்டிக்கொள்ளாமல், "இந்த பிரேம் பரவாயில்லைங்க" என்று மட்டும் சொல்லுவேன். ஓசியில் ஒரு நிமிஷம் உலகத்தைப் பார்த்துக்கொள்கிறோம், இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைப்பு.

மூன்றாம் மாதத்தில்தான் டோபி அண்ணன் விவகாரம். பக்கத்துக் கடை டோபிக்குத் துணியில் போடும் அடையாளக் குறி தெரியாமல் போய், ஸ்டேஷன் மாஸ்டரின் வேட்டி பாதிரியார் வீட்டுக்கும் பாதிரியாரின் அங்கி ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கும் போனது. ஊர் சிரித்தது. அவரைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்து, ஒண்டோ ரெண்டோ என்னிடம் ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் கொஞ்ச நேரம் முன்புதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த இடைவெளியில் அவர் பலகையை மாற்றி மாட்டிவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? காலையில் மனப்பாடம் பண்ணின பலகையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கிட்டப் பார்வைக்கு முன்னால் தூரப் பார்வையைச் சரி பார்ப்போம் என்று மிடுக்காக ஆரம்பித்தேன்.

"மேல் எழுத்து என்னாண்ணே?"

"'க'ங்க ஐயா."

"நல்லாப் பாருங்க."

"'க'தாங்க."

'ம' என்றல்லவா எனக்குப் பாடம்? லென்ஸை மாற்றினேன். மறுபடி "க" என்றார். அடுத்த வரிக்குப் போனேன். எல்லாம் தப்பு. இன்னொரு லென்ஸ், அதன் மேல் இன்னொரு லென்ஸ். அவர் மூக்கில் மாட்டியிருந்த சோதனைச் சட்டத்தில் இடம் இல்லாமல் நாலு லென்ஸ் அடுக்கியாயிற்று. அந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஐயா, எனக்குக் கண்ணு அவ்வளவுதானா? பச்சப்புள்ளங்க மூணு இருக்குதுங்க ஐயா!" என்று அழவே ஆரம்பித்துவிட்டார்.

சத்தம் கேட்டு ஒண்டோ ரெண்டோ டீ கிளாஸோடு ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அழுகிற ஆளைப் பார்த்தார். என் உயிர் என்னிடம் இல்லை. மாட்டிக்கொண்டோம், கிள்ளான் போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன்.

"அழாதையும் அண்ணை. என்ர பிழை" என்றார். "பலகையைச் சோதனைக்கு முன்னம் நான் மாத்தினதை டிரெசருக்குச் சொல்லேல்லை. அவர் பழைய பலகைக் கணக்கில கேட்டிட்டார். உமக்குத் தூரப் பார்வை கழுகு மாதிரி. கிட்டப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்."

டோபி அண்ணன் சிரித்தும் அழுதும் போனார். நான் மூச்சு விட்டேன். எவ்வளவு நல்ல காரணம் அவராகவே சொல்லிவிட்டார்! பலகையைப் பார்க்கிற ஒருவனுக்கு அது மாறினது எப்படித் தெரியாமல் போகும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லையே, நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைத்த என்னை நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்; நானே சொல்லிக்கொள்ளாததா?

பரீட்சை நாள் வந்தது. முந்தின நாள் வீட்டுக்காரியிடமிருந்து கடுதாசி. மகள் பென்சிலால் கீழே எழுதியிருந்தாள்: "அப்பா பாசாகி வாங்க." நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். விடிந்ததும் எழுந்து இங்கிலீஷ் பலகை, தமிழ்ப் பலகை இரண்டையும் தட்டித் தட்டித் துடைத்து, தலைகீழாகச் சொல்லும் அளவுக்குப் பாடம் பண்ணிவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு ஒண்டோ ரெண்டோவின் நடவடிக்கை ஒரு மாதிரியாக இருந்தது. டீ கிளாஸ் கைக்குப் பக்கத்திலேயே இருக்க, அது எங்கேயோ எட்ட இருப்பதுபோலக் கையை நீட்டித் தட்டிக் கொட்டிவிட்டார். வாசல் படியில் காலை வைக்கப் பார்த்து, ஆகாயத்தில் வைத்துத் தடுமாறினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நெற்றியில் கோடாலித் தைலம் வேறு.

"என்னா ஆச்சு இந்த ஆளுக்கு?" என்று நாயரிடம் கேட்டேன்.

"கல்யாணம் ஒத்து வந்திருச்சோ என்னமோ" என்றார் நாயர்.

பரீட்சை நடக்க வேண்டிய நாளில் குரு இப்படிப் பித்துப் பிடித்து நிற்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

பத்து மணிக்கு டாக்டர் துரையின் கார் வந்தது. உயரமான வெள்ளைக்காரர், சோடா புட்டி அடியைப்போலத் தடித்த கண்ணாடி. உள்ளே வந்தவர் ஒரு நீளச் சுருளை விரித்து எங்கள் பலகையின் மேலேயே மாட்டினார். அவர் சொந்தமாகக் கொண்டுவந்த அச்சடித்த எழுத்துப் பலகை!

வழக்கம்போலத் துணியை எடுத்துக்கொண்டு பலகையைப் பார்த்து நடந்தேன்.

"வாட் ஆர் யூ டூயிங், டிரெசர்?"

"டஸ்ட், சார்."

"இட் இஸ் பிராண்ட் நியூ!" என்றார். திரும்பி வந்து நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கேளுங்கள். தன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். "என் கண்ணைச் சோதித்துப் பார். எனக்கு என்ன பவர் என்று எனக்குத் தெரியும். நீ சொல்வது சரியாக இருக்கிறதா பார்க்கிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். வேண்டுமென்றே இடையில் தப்பாகப் படிப்பேன், கண்டுபிடிக்க வேண்டும் என்றும் எச்சரித்தார்.

சுவர்ப் பக்கம் திரும்பினேன். வெள்ளையாக ஒரு மங்கல், அவ்வளவுதான். சட்டைப் பையில் மகளின் கடுதாசி சுட்டது. எல்லாவற்றையும் சொல்லி அவர் காலில் விழுந்துவிடலாமா என்று வாயைத் திறந்தேவிட்டேன்.

"ஒரு நிமிஷம், சார்."

ஒண்டோ ரெண்டோ தடுமாறிக்கொண்டே முன்னுக்கு வந்தார். தன் மூக்கிலிருந்த கறுப்பு பிரேமைக் கழற்றி, என் மூக்கில் வைத்து, காதோரம் இரண்டு பக்கமும் அழுத்தி மாட்டினார். டாக்டரைப் பார்த்து இங்கிலீஷில், "இந்தக் கடை வழக்கம், சார். ஆர் கண் பார்க்கிறாரோ அவர்தான் கடைக் கண்ணாடியைப் போட்டிருக்க வேணும். இல்லாட்டி வாடிக்கைக்காரர் நம்ப மாட்டினம்" என்றார்.

"வெரி சென்சிபிள்" என்றார் டாக்டர்.

நான் நிமிர்ந்தேன். பலகை தெரிந்தது. மேல் எழுத்து, இரண்டாம் வரி, மூன்றாம் வரி, கடைசி வரி, அதற்கும் கீழே பொடி எழுத்தில் அச்சடித்தவன் விலாசம் உள்பட! வெற்று பிரேமில் லென்ஸ் இருந்தது. என் கண்ணுக்கு அளவெடுத்த லென்ஸ். அவரோ சுவரோரம் நின்று, மூன்று மணி நேரமாக அதைப் போட்டுக்கொண்டு அவஸ்தைப்பட்ட கண்களைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. என் முகவெட்டு, வெயில், கடை வாசல், ஒண்டோ ரெண்டோ... அடப் பாவி மனுஷா! மூன்று மாதமாக நான் உன்னை ஏய்க்கவில்லை, நீயல்லவா என் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தாய்!

அதற்கப்புறம் கை தானாக வேலை செய்தது. டாக்டர் துரை கடைசிக்கு முந்தின வரியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றிப் படித்தார். "நோ, சார், தட் இஸ் எஃப்" என்றேன். ஒரு புருவத்தைத் தூக்கினார். லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, ஒண்டோ ரெண்டோவின் தொழில் ரகசியம் முழுவதையும் அவர் குரலிலேயே கேட்டேன்: "ஒன் ஆர் டூ, சார்?" சுவரோரம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சொன்ன பவரும் டாக்டரின் பையிலிருந்த கண்ணாடியின் பவரும் ஒன்றாக இருந்தன. அங்கேயே, டீக் கறை படிந்த மேசையில் வைத்து, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார்.

கார் போனதும் நான் அவரிடம், "எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"நீர் வந்த அண்டைக்கே. நீர் என்ர முகத்துக்கு வணக்கம் சொல்லேல்லை; ஆணியில தொங்கின கோட்டுக்குச் சொன்னனீர்."

"சொல்லியிருக்கலாமேங்க!"

"சொன்னா நீர் கண்ணாடி போட்டிருப்பீரோ? அந்த மீசையோட?" என்றார். "அதோட, நீர் தூசி தட்டுற வடிவைப் பாக்க எனக்கு நல்லாப் பொழுது போச்சுது."

"டோபி அண்ணன் அழுதாரே, அது?"

முகம் கொஞ்சம் மாறியது. "அது என்ர பிழைதான். உம்மை அண்டைக்கே ஒத்துக்கொள்ள வைக்கலாமெண்டு பலகையை மாத்தினனான். அந்த மனுசன் அழுவார் எண்டு நான் நினைக்கேல்லை. அவருக்குக் கண்ணாடி சும்மா குடுத்திட்டன்."

கிள்ளானில் அன்றைக்குச் சாயங்காலம் தெருமுனை திரும்பியதும் நாலைந்து குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரிலும் என் மகளை அங்கிருந்தே கண்டேன். முன்பல் ஒன்று விழுந்திருந்ததும் அங்கிருந்தே தெரிந்தது. அவள்தான் என்னை அடையாளம் தெரியாமல், "யாரு இந்தக் கண்ணாடிக்காரரு?" என்று அம்மாவிடம் ஓடினாள். அதன் பிறகு எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். கண் பார்க்கிறவர் கண்ணாடி போடுவதுதான் வழக்கம் என்று டாக்டர் துரை கடைசிவரை நம்பினார். கண்ணாடி போட்டால் அழகு கெடும் என்று நான் பயந்ததுபோல ஒன்றும் கெடவில்லை. என் வீட்டுக்காரி அப்படித்தான் சொன்னாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் ரயிலடியில் நடந்தது. கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு என்னோடு வந்தார். வெறும் மூக்கோடு, பார்க்கவே ஏதோ மாதிரி இருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்; அவர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கிற சாக்கில் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வண்டி கிளம்பியது. ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் நின்றபடி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் புரிந்தது. நானும் ஒரு விரலைக் காட்டினேன். இரண்டு விரல் காட்டினார், இரண்டு காட்டினேன். வண்டி வேகம் பிடித்தது. ஆள் சிறுத்துக்கொண்டே போனார். மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. அவ்வளவு தூரத்திலும் ஒவ்வொரு விரலும் துல்லியமாகத் தெரிந்தது. நானும் கை ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டே போனேன்.

வளைவு வந்தது. கடைசித் தடவையாக அவர் கையைத் தூக்கினார். அது ஒன்றா, இரண்டா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியின் பவரில் ஒரு குறையும் இல்லை.